சிறுநீரகத்தின் காவலர்

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை, வல்வில் ஓரி என்னும் வள்ளல் ஆண்ட பெருமையுடையது. மூலிகைகள் மலிந்த அம்மலையில் சிறுபூளை என்னும் பூண்டும் வளர்கிறது. பொங்கலுக்கு முந்திய நாளில் கொங்கு நாட்டார் வேப்பிலையோடும் ஆவாரையோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் வெண்ணிறப் பூ அதனுடையதே. கல்லடைப்பு நோய்க்கு அதனை மருந்தாகக் கொள்வது சித்த மருத்துவ மரபு. உடலினுள் கல் தோன்றுவது எவ்வாறு?

சிறுநீரகங்கள் குருதியிலுள்ள கழிவுகளை நீரோடு வெளியேற்றுகின்றன. அந்நீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் கரைந்துள்ளன. வெயிலில் உழைப்போர் போதிய நீர் பருகாவிடின், சிறுநீர் செறிவடையும். அப்போது இவ்விரண்டும் கூடி நுண்ணிய படிகங்களாகும். உப்பளத்தில் நீர் வற்ற உப்பு விளைவதைப் போன்றது இது. சிறுநீரகக் கற்களுள் பெரும்பாலானவை இவ்வகையினவே.

அங்ஙனமாயின், எல்லோர்க்கும் கல் உண்டாகாதது ஏன்? சிறுநீரில் காவற்பொருள்களும் உள்ளன. அவற்றுள் சில புரதங்கள் ஆகும். 1950ஆம் ஆண்டில் இகோர் தாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் என்னும் அறிஞர் இருவர் மனிதச் சிறுநீரிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அவர்கள் ஆராய்ந்தது நச்சுயிரிகளைப் பற்றியே, கல்லைப் பற்றியன்று. சிறுநீரகத்திலேயே உண்டாகும் அப்புரதம் இன்று யூரோமாடுலின் எனப்படுகிறது. படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவாறு அது தடுக்கிறது. ஆஸ்டியோபான்டின் என்னும் மற்றொரு புரதம், படிகத்தின்மேல் படிந்து அதனை வளரவிடாமல் செய்கிறது. ஒட்டாத சிறு படிகங்கள் சிறுநீரோடு வெளியேறிவிடும்.

ஆயினும், காவலரே நிலை திரிவதும் உண்டு. சிறுநீர் மிகச் செறிந்து, உப்பும் புளிப்பும் மிகுந்தால், யூரோமாடுலின் திரண்டுவிடுகிறது. திரண்ட புரதம் படிகங்களைப் பிணைக்கும் சாந்தாக மாறக்கூடும். கல்லின் எடையில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கே புரதம் முதலிய பொருள்கள்; எனினும், செங்கற்களுக்கு இடையிலுள்ள காரை போல அவை கல் முழுவதும் பரவியிருக்கின்றன.

காவலரைக் காவலராகவே நிலைநிறுத்துவது தண்ணீர். ஒருமுறை கல் வந்தவர்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2½ லிட்டர் சிறுநீர் பிரியுமளவு நீர் பருகுதல் வேண்டும். உணவில் உப்பைக் குறைத்தல் நன்று. கால்சியத்திற்கு அஞ்சிப் பாலையும் மோரையும் விட்டுவிட வேண்டுவதில்லை. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிணைத்துக் கழிக்கும்.

எலிகளிடம் செய்த ஆய்வுகளில் சிறுபூளை நற்பயன் காட்டியுள்ளது. மனிதர்க்கு அதன் பயனை அளந்தறியும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. கல் வழியை அடைத்துக் காய்ச்சலும் கண்டால், கைம்மருந்தை நம்பிக் காலம் தாழ்த்தலாகாது. சிறுநீரகமே பழுதாகும், உயிருக்கும் ஊறு நேரும். உடனே மருத்துவமனையை நாடுதலே அறிவுடைமை. ஆனால் கல் தோன்றாமல் காக்க, வேளைதோறும் பருகும் தூய நீரே எளிய மருந்தாகும்.