சூழல் கொள்கை வேலையா? சிவகாசிக்காரருக்கு ஒரு சான்ஸ் இருக்கிறது

சிவகாசி டீக்கடையில் போய் 'சுற்றுச்சூழல்' என்று ஆரம்பித்துப் பாருங்கள். நீங்கள் யாரென்று விசாரிக்கும் முன்பே முகம் சுளிப்பார்கள். 2018 அக்டோபர் 23 அன்று, டெல்லி காற்று மாசு தொடர்பான அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. இனி பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. சிவகாசியின் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. டெல்லியில் புகை என்றால் எங்கள் வீட்டு அடுப்பை ஏன் அணைக்கிறீர்கள் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்தக் கோபத்துக்கு நடுவே வேலை பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. என்.ஜி.ஓ., சி.எஸ்.ஆர். பிரிவு, மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் எடுக்கப்படும் முதலமைச்சரின் பசுமை ஃபெலோஷிப் என எதற்குப் போனாலும் சென்னை, பெங்களூரு டிகிரிக்காரர்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். அவர்கள் இங்கிலீஷ் உங்களுடையதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் ஆலைக்குள் உள்குத்தகை எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதைத் தகுதியாக மாற்றும் வழி இது.

1. யாரிடம் எந்த அதிகாரம் என்று மனப்பாடம் செய்யுங்கள். வெடிபொருள் விதிகள் 2008-இன்படி சிறிய ஆலைக்கு டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், பெரிய ஆலைக்கு வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் சென்னை அல்லது நாக்பூர் அலுவலக லைசென்ஸ். கழிவும் புகையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. தொழிலாளர் பாதுகாப்பு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கணக்கு. தவறான மேஜைக்குப் போன மனு அலைந்துகொண்டேதான் இருக்கும். கூடவே தீர்ப்புகளையும் வரிசையாகப் படியுங்கள். சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா சிவகாசி குழந்தைத் தொழிலாளர்களுக்காகத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2021-இல் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடி விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே கையில் எடுத்து, முன்னாள் நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு போட்டது. இன்டர்வியூவில் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர் தனியாகத் தெரிவார்.

2. சின்னதாகக் கேளுங்கள். 2018-இல் தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 மணி வரை மட்டும் வெடிக்கலாம் என்றது கோர்ட். தமிழ்நாட்டில் தீபாவளி விடியற்காலையில்தானே? மாநில அரசு காலையிலும் கூடுதல் நேரம் கேட்டது. கோர்ட் கூட்டித் தரவில்லை. அதே இரண்டு மணி நேரத்தை எப்போது வைப்பது என்பதை மட்டும் மாநிலத்திடம் விட்டது. காலை 6-7, மாலை 7-8 என்று முடிவானது. தடையையே தூக்குங்கள் என்ற கோரிக்கை நகரவில்லை. 2023 செப்டம்பரிலும் பேரியத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. உங்கள் மனுவிலும், ஒரு அதிகாரி ஒரு கையெழுத்தில் செய்து முடிக்கக்கூடியது எது என்று தேடுங்கள்.

3. மக்களிடம் 'விழிப்புணர்வு' என்று போகாதீர்கள். அலுமினியத் தூள் வெள்ளியாகப் படிந்த கையோடு வேனிலிருந்து இறங்கும் பெண்ணுக்கு உங்கள் பவர்பாயின்ட் தேவையில்லை. இ.எஸ்.ஐ. கார்டு வந்ததா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். அந்த வேலையை முடித்துக் கொடுங்கள். பிறகு குடியிருப்புக்கு அருகே கழிவு மருந்தைக் கொளுத்துவதைப் பற்றி அவர்களே பேசுவார்கள். ஞாயிறு போங்கள், வேலை நாளில் கூட்டம் வைத்தால் ஒரு நாள் கூலி போகும், உங்கள் பெயரும் சேர்ந்து போகும்.

4. கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு. தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போங்கள். மைக்கில் முழங்கியது மறந்துவிடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதுதான் நிற்கும்.

5. ஆர்.டி.ஐ. பத்து ரூபாய், 30 நாள். 'ஏன்' என்று கேட்டால் பதில் வராது; 'நகல்' கேளுங்கள்.

6. இம்ப்ரெஷன். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். முதலாளி காரில் ஒருமுறை லிஃப்ட் வாங்கினால் அன்று மாலையே ஊருக்குத் தெரியும். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் வந்தாலும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள். அதற்காக முதலாளிகளைப் பகைக்கவும் வேண்டாம். பசுமைப் பட்டாசு ஃபார்முலாவுக்காக நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு) நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசியவர்கள் அவர்கள்தான். நாளைக்கு உங்களுக்கு வேலை கொடுக்கப்போவதும் அவர்களாக இருக்கலாம்.

ரெஸ்யூமேயில் 'பேஷனேட்' என்ற சொல்லை அடியுங்கள். அந்த இடத்தில் நீங்கள் எழுதிய ஒரு தீர்மானம், வாங்கிய ஒரு ஆர்.டி.ஐ. பதில், அதைவைத்துத் தயாரித்த ஒரு பக்கக் குறிப்பு, இந்த மூன்றையும் இணையுங்கள். அடுத்த கிராம சபைக்குள் முதல் இரண்டும் கையில் இருக்கட்டும்.