பவழத் தொட்டியில் மணலும் நைட்ரேட்டும்

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்துக் காட்டும் முயற்சி தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே மீன் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்படும் வரை நடைபெற்றது. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல்லாண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்கு மாறிய பின்னரும் மண்டபத்தில் அதன் மண்டல நிலையம் இயங்கி வருகிறது. கடல் அலங்கார மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்விக்கும் முறைகள் அங்கு உருவாக்கப்பட்டன. கடற்கரையில் அமைந்த இத்தகைய நிலையங்களுக்கு ஒரு வசதி உண்டு. தொட்டி நீர் கெட்டால் புதுநீரைக் கடலிலிருந்து இறைத்துக்கொள்ளலாம்.

கடலை விட்டு எட்டியிருக்கும் ஊர்களுக்கு அவ்வசதி இல்லை. இடுக்கி மாவட்டத்து ஏலமலைப் பகுதியில் உள்ள சக்குபள்ளம் போன்ற ஊரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் உவர்நீர்த் தொட்டி அமைக்க விரும்பினால், ஒவ்வொரு வாளி நீரையும் உப்புக் கலந்து தாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்புக் கலவை தேவை. சமையலுப்பு இதற்குப் பயன்படாது. நீரின் விலை இவ்வளவு உயர்ந்திருக்குமிடத்தில், அது எதனால் கெடுகிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது சிக்கனமாகும்.

தொட்டி நீரில் நைட்ரேட்டு ஏறும்போது பெரும்பாலோர் குறை கூறுவது அடியிலுள்ள மணலையே. மணலை அள்ளி அகற்றிவிட்டால் நைட்ரேட்டு இறங்கிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இவ்வெண்ணத்தில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பி ஒரே நாளில் மணல் முழுவதையும் வாரியவர்களின் தொட்டிகளில், மறுநாள் காலையில் மீன்கள் மிதக்கக் கூடும்.

நைட்ரேட்டு மணலிலிருந்து பிறப்பதில்லை, உணவிலிருந்து பிறக்கிறது. மீனுணவிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன். மீன் உண்டு கழித்ததும், உண்ணாமல் விட்டதும் சிதைந்து அம்மோனியாவாகின்றன. கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையதாதலின், நன்னீரைக் காட்டிலும் அதில் அம்மோனியாவின் நச்சு மிகுதி. இதனை ஒருவகை நுண்ணுயிர்கள் பிராணவாயுவின் உதவியால் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக்குகின்றன. முதற்படியைச் செய்பவை பாக்டீரியங்கள் மட்டுமே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2005-ஆம் ஆண்டில் ஆர்க்கியா என்னும் வேறு குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிர் ஒன்றும் இவ்வேலையைச் செய்வது வெளியிடப்பட்டது. அது பிரித்தெடுக்கப்பட்ட இடம் ஆழ்கடலன்று. அமெரிக்காவில் சியாட்டில் நகரக் காட்சிசாலைத் தொட்டி ஒன்றின் அடிச்சரளை. தொட்டியின் மணல் வெறும் அலங்காரமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, மணலின் ஆழத்தைப் பொறுத்து அதன் தொழிலும் மாறும். மேற்புறத்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில் நீர் எளிதில் ஊடுருவுவதால் பிராணவாயு உண்டு. அங்கு அம்மோனியா நைட்ரேட்டாகிறது. அதற்கும் கீழே பிராணவாயு குன்றிய அடுக்கில் வாழும் வேறு பாக்டீரியங்கள், நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளியேற்றுகின்றன. தொட்டியிலிருந்து நைட்ரேட்டு உண்மையாகவே நீங்கும் வழிகளுள் இஃது ஒன்று. பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஆழமான நுண்மணற் படுகையை வேண்டுமென்றே அமைப்பவர்கள் இதனைக் கருதியே அமைக்கின்றனர். இன்னும் கீழே, நைட்ரேட்டும் எட்டாத இடத்தில், கடல்நீரிலுள்ள சல்பேட்டு சிதைந்து ஹைடிரஜன் சல்பைடு உண்டாகும். மணல் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் எழுவது இதனாலேயே.

அவ்வாறாயின் கடலில் மணல் ஏன் கெடுவதில்லை? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கிடக்கும் பவழ மணலை அலை ஓயாமல் புரட்டுகிறது. கடலட்டைகள் மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவை உண்டு, தூய மணலாக வெளியேற்றுகின்றன. புழுக்களும் நண்டுகளும் இரவு பகலாகத் துளையிடுகின்றன. நீரின் அளவோ எல்லையற்றது. தொட்டியில் அலையில்லை, உழுபவர் இல்லை, உணவு மட்டும் நாள்தோறும் விழுகிறது. ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் வரையுள்ள மணல் இங்குத்தான் பெருந்தொல்லையாகிறது. கழிவு அடையும் அளவுக்கு அது தடிப்பானது. நைட்ரேட்டை ஒழுங்காக அகற்றும் அளவுக்கு ஆழமானதன்று. ஓராண்டு ஈராண்டு கழிந்தபின் அது கழிவின் களஞ்சியமாகி, சிறிது சிறிதாக நீருக்குள் கசிந்துகொண்டே இருக்கும். மணலை அகற்றுவதற்கு நியாயம் உள்ள இடம் இதுவே.

பவழத்திற்கு இதனால் என்ன தீங்கு என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பவழ உயிரின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து ஒளியால் உணவாக்கித் தருகின்றன. தூய பவழக் கடலில் நைட்ரேட்டு பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே. அது மிகுந்தால் உட்பாசிகள் அளவுமீறிப் பெருகிப் பவழம் பழுப்பேறும். வெளியே இழைப்பாசிகள் படர்ந்து அதை மூடும். மீன்கள் இதைவிடப் பன்மடங்கு தாங்கும். பவழத் தொட்டியில் 10 மில்லிகிராமுக்குள் வைத்திருத்தல் போதுமானது. முற்றிலும் இல்லாதொழிக்க முயல்வதும் நன்றன்று. சோதனைப் பெட்டியைப் படிக்கும்போது ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. சில பெட்டிகள் நைட்ரேட்டின் முழு எடையைக் காட்டும். சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். பின்னதில் 10 என்பது முன்னதில் 44 ஆகும்.

அகற்றும் முறைக்கு ஓர் உதாரணம் கொள்வோம். 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உடைய, 200 லிட்டர் கொள்ளும் தொட்டியில் 5 சென்டிமீட்டர் மணல் இருந்தால், அதன் கன அளவு 20 லிட்டர். எடை ஏறத்தாழ 30 கிலோகிராம். இதில் ஒரு வாரத்திற்குக் கால் பங்குக்கு மேல் எடுத்தலாகாது. பழைய தொட்டியாயின் ஆறில் ஒரு பங்கே போதும். முதல்நாள் மாலையே உணவை நிறுத்திவிட வேண்டும். விரல் பருமனுள்ள ரப்பர்க் குழாயின் ஒரு முனையை மணலுக்குள் செலுத்தி, மறுமுனையைத் தாழ வைத்த வாளியில் விட்டால், மணலும் அதன் இடுக்கிலுள்ள அழுக்கு நீரும் சேர்ந்தே வெளியேறும். கையாலோ கரண்டியாலோ அள்ளுதல் கூடாது. அள்ளும்போது மணல் மட்டும் மேலே வரும், அழுக்கு தொட்டி நீரில் கலந்துவிடும். ஒரு மூலையிலிருந்து தொடங்கி வரிசையாகச் செல்வது நன்று. கறுப்பு அடுக்கு தென்பட்டால், மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றிய பின்னரே அப்பகுதியைத் தொட வேண்டும். வேலை முடிந்ததும் எடுத்த நீருக்கு ஈடாக, அதே வெப்பமும் அதே உப்புச் செறிவும் கொண்ட புதுநீரை ஊற்றி, காற்றுக்குழாயை முழு விசையில் இயங்கவிட வேண்டும். சக்குபள்ளத்தைப் போன்ற மலைப்பகுதிகளில் இக்கடைசிச் செயலுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவாதலின், நீரில் கரையும் பிராணவாயுவும் அவ்வளவுக்குக் குறையும்.

அடுத்த மூன்று நாட்களும் அம்மோனியாவைச் சோதிக்க வேண்டும். மணலோடு அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களும் வெளியேறிவிட்டமையால், எஞ்சிய பாறைகளிலும் வடிகட்டியிலும் அவை பெருகி ஈடுசெய்யச் சில நாட்கள் பிடிக்கும். அம்மோனியா தென்பட்டால் அடுத்த பகுதியை எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டும். மணலில் புதைந்து உறங்கும் நீள்மீன்கள், வளைதோண்டி வாழும் சிறு மீன்கள் ஆகியவை தொட்டியில் இருந்தால் மணலை முழுவதும் நீக்காமல், அகன்ற கிண்ணம் ஒன்றில் கழுவிய மணலை இட்டு ஒரு புறத்தில் வைக்கலாம். இரவில் அவை தாமே அதைத் தேடிச் செல்லும்.

மணல் நீங்கிய பின்னும் நைட்ரேட்டு இறங்கவில்லை என்று முறையிடுவோர் உளர். அவர்கள் உணவுக் கணக்கைப் பார்ப்பதில்லை. பாதி புரதமாக உள்ள உலர் உணவு ஒரு கிராமில் 80 மில்லிகிராம் நைட்ரஜன் உண்டு. அது முழுவதும் நைட்ரேட்டானால் 354 மில்லிகிராம். 200 லிட்டர் நீரில் லிட்டருக்கு 1.8 ஆகும். நாளொன்றுக்கு ஒரு கிராம் இட்டால் வாரத்திற்கு 12.4 ஏறும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றினாலும், ஏறுவதும் இறங்குவதும் சமன்படும் இடம், நீர் மாற்றுவதற்கு முன் ஏறத்தாழ 50 ஆகும். மீனின் உடலிலும் பாசியிலும் ஒரு பகுதி தங்குவதாலும், வாயுவாக ஒரு பகுதி போவதாலும் உண்மையில் இது குறையும். ஆயினும் கணக்கின் போக்கு மாறாது. உணவைப் பாதியாக்கினால் இவ்வெண்ணும் பாதியாகும். உயர் வகுப்பு மாணவர்கள் இதனைப் பெருக்குத் தொடராகச் செய்து பார்க்கலாம்.

புதுநீரிலேயே நைட்ரேட்டு இருந்தால் மேற்கூறிய முயற்சி அனைத்தும் வீண். உரமிடும் தோட்டங்களை அடுத்த கிணறுகளில் நைட்ரேட்டு கசிந்திருக்கக்கூடும். குடிநீருக்கு இந்தியத் தரம் அனுமதிக்கும் மேல்வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். மனிதர் குடிக்கத்தக்க அந்நீர், பவழத் தொட்டிக்கு ஆகாததாக இருக்கலாம். ஆதலால் உப்புக் கலப்பதற்கு முன்பே கிணற்று நீரைச் சோதித்தல் வேண்டும். மழைநீர் நல்லது, ஆனால் துத்தநாகத் தகட்டுக் கூரையிலிருந்து வழிந்ததைச் சேர்க்கலாகாது. அத்தகட்டிலிருந்து கரையும் உலோகம் முதுகெலும்பற்ற கடல் உயிர்களுக்கு நஞ்சு.

பழைய மணலுக்குப் பதிலாகக் கடற்கரைப் பவழத் துண்டுகளைக் கொணர்ந்து இடும் வழக்கத்தைப் பணியாளர்கள் தடுக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியக் கடற்பூங்கா. பவழங்களும் கடலட்டைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. இறந்த பவழக் கல்லை எடுப்பதும் குற்றமே. நொறுக்கிய கிளிஞ்சலோ சலவைக்கல் துகளோ இருந்தால் போதும். தொட்டி வெறுந்தரையாக இருப்பினும் குறையில்லை. வெறுந்தரையில் விழுந்த கழிவு கண்ணுக்குத் தெரியும்; தெரிந்தவுடன் குழாயால் உறிஞ்சிவிடலாம்.

வெளியேற்றிய மணலை நன்னீரில் பலமுறை அலசிக் காயவைத்தால் கட்டட வேலைக்கும் ஆகாது, தோட்டத்திற்கும் உடனே ஆகாது; பள்ளி முற்றத்துப் பாதையில் பரப்பலாம். அலசிய உப்புநீரை ஏலச்செடியின் வேரிலும் ஓடையிலும் ஊற்றாமல், பயிரில்லாத திடலில் பரவலாகக் கொட்டுதல் வேண்டும்.