அக்கரை ஏற்காத மக்கள்

நம் திருவண்ணாமலையில் மலையை வலம் வருவோர் 14 கிலோமீட்டர் நடந்து, புறப்பட்ட இடத்திற்கே மீள்வர். அவ்விடம் மீண்டும் தம்மை ஏற்குமோ என்னும் ஐயம் அவர்க்கில்லை. உலகில் யாவர்க்கும் இப்பேறு வாய்ப்பதன்று.

'நாடு கடத்தல்' என்னும் தொடரைச் சற்று நோக்குவாம். கடத்தலாவது கடக்கச் செய்தல். கடத்துவோனுக்கு மறுகரை ஒன்று வேண்டும். அக்கரையார் இறங்கவொட்டாது தடுப்பாராயின் ஓடக்காரன் என் செய்வான்? இவ்விடர்ப்பாட்டிற்கு நமக்கு அணிமையிலுள்ள சான்று இலங்கை மலையகத் தமிழர் வரலாறே.

ஆங்கிலேயர் ஆட்சியில் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்தினின்று கூலிகளாய்ச் சென்றோர் வழித்தோன்றல்கள் இவர்கள். நம் முன்னோர் 'கண்டிச் சீமை' என்றது இம்மலைநாட்டையே. 1948 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையேனும், அன்றிப் பாட்டனும் பூட்டனுமேனும் அத்தீவிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்து அறையிற் பிறந்த கூலி, பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்குச் செல்வான்? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் எந்நாட்டிற்கும் உரியரல்லராயினர். குடியுரிமை மாந்தர் யாவர்க்கும் உரியது என்று உலக மனித உரிமைப் பேரறிக்கை சாற்றியது அடுத்த திங்கள் 10-ஆம் நாள்!

அவர் இந்தியரே என்றது கொழும்பு. அங்கேயே நிலைத்து வாழ்வோர் இலங்கைக்கே உரியர் என்றது டில்லி. அனுப்பவும் இயலாது, ஏற்கவும் மனமின்றி, 1964 வரை இவ்வழக்கு நீண்டது. அவ்வாண்டு அக்டோபர் 30-இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தனர். நெல்லை மரக்காலால் அளப்பார் போல மக்களை அளந்தனர் என்றே யாம் கருதுகின்றோம். அளக்கப்பட்டோரை எவரும் கலந்துகொண்டிலர்.

தலைமன்னாரினின்று இராமேசுவரம் வந்த கப்பலும் போரினால் 1984-இல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்தும் வரமாட்டாதார் தோட்டங்களிலேயே தங்கினர். இலங்கை அவர்க்குக் குடியுரிமை வழங்கியது 2003-இல்.

1983 கலவரத்திற்கு அஞ்சித் தமிழகம் வந்தோருள்ளும் மலையகத்தார் உளர். அவர்தம் விண்ணப்பங்களை அரசு ஆராயவேண்டுமென 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பணித்தது. நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள. 2004-க்குப் பின் இங்கே பிறந்தாராயினும், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாயினன்றி அவர் குடியுரிமை எய்தார். அத்தகையோர் நம்மையொத்த வயதினர். நாம் பயின்ற பாடநூல்களையே பயின்றவர். இலங்கைக் கடற்கரையை ஒருநாளும் கண்டிலாதவர். அவரைத் 'திருப்பி' அனுப்புக என்பார், எவ்விடத்திற்குத் திருப்புவர்?