ஓரியின் நாணமும் யூத இளையோரின் அறநிதியும்

கொல்லிமலையின் அடிவாரத்தே நாமக்கல் மாவட்டத்தில் அமைந்த பேரூர் சேந்தமங்கலம். இப்பகுதியிலிருந்து காரவள்ளி வழியே எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறினால், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் காணலாம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனுக்கு ஆண்டுதோறும் ஆடித் திங்களில் விழா எடுக்கின்றனர். வள்ளலுக்கு விழா எடுக்கும் நாம், வள்ளன்மையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோமா? அது கற்பிக்கத்தக்க பாடந்தானா? ஆம் எனக் கருதி, அதற்கெனப் பயிற்சிமுறையே வகுத்துக்கொண்ட ஒரு சமுதாயத்தாரைப் பற்றி ஈண்டுக் காண்போம்.

முதற்கண் ஓரியை நோக்குவோம். வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாடலில், பாணர் சுற்றம் காட்டிடையே வேட்டுவன் ஒருவனைச் சந்திக்கின்றது. அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்திப் புலி, மான், பன்றி ஆகியவற்றையும் உருட்டிப் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கின்றது. அவர்கள் ஓரியின் பெயர் சொல்லிப் பாட, அவ்வேட்டுவன் நாணுகின்றான். ஊனும் தேறலும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் கொடுக்கின்றான். தான் இன்னான் என்று அவன் கூறவில்லை. அடுத்த பாடல் வேறொன்றைச் சொல்கின்றது. ஓரியிடம் பரிசில் பெற்ற சுற்றத்தார், பசி முற்றும் தீர்ந்தமையால் ஆடவும் இயலாராய்ப் பாடலையும் மறந்தனராம். புலவர் இதனைப் புகழாகவே கூறினார். எனினும், பெற்றவரின் தொழிலையே மறக்கச் செய்யும் கொடை முழுமையான கொடைதானா என்னும் ஐயம் நமக்கு எழாமல் இல்லை.

கபிலரோ மலையமான் திருமுடிக்காரியை நோக்கிப் புறநானூற்று 121ஆம் பாடலில், கொடுத்தல் எளிது, வரிசையறிதலே அரிது என்னும் கருத்தை உரைக்கின்றார். (இக்காரியே ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. பிறர் மலையைக் கொடுப்பதும் கொடையே போலும்!) யாருக்கு, எவ்வளவு, ஏன் என்று அறியும் இவ்வரிய பகுதியையே யூத இளையோர் இன்று பயில்கின்றனர்.

யூதர் என்றதும் தொலைவிலுள்ள மக்கள் என எண்ண வேண்டா. கேரளத்தில் பரவூருக்கு அருகிலும் சேந்தமங்கலம் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள பழைய யூதத் தொழுகைக்கூடத்தின் முன்னே 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த எபிரேயக் கல்லறைக்கல் நிற்கின்றது. யூதர் ஈகையைக் குறிக்க வழங்கும் ‘ஸெடாக்கா’ என்னும் எபிரேயச் சொல் நீதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. நாம் நன்கறிந்த ‘ஸதகா’ என்னும் அரபுச் சொல்லுக்கு உடன்பிறப்பு. குர்துபாவில் பிறந்து, எகிப்தில் 1204இல் மறைந்த யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் மிக உயர்ந்த படிகளுள் ஒன்று. அதற்கும் மேலான முதற்படி, கடனாலோ கூட்டுத்தொழிலாலோ வேலையாலோ ஒருவரைத் தம் காலில் நிற்கச் செய்தல். ஓரியின் நாணம் முன்னதற்கு நெருங்கியது; பாடலை மறந்த பாணரோ பின்னதற்கு எட்டாதவர்.

அமெரிக்காவில் யூதச் சிறுவர் பதின்மூன்று வயதில் சமயப் பொறுப்பேற்கும் சடங்கில் உறவினர் பணத்தை அன்பளிப்பாகத் தருவர். அதில் ஒரு பகுதியை அறநிதியாக வைக்கும் பழக்கத்தை ஹெரால்டு கிரின்ஸ்பூன் அறக்கட்டளை 1990களில் ஊக்குவித்தது. டென்வர் நகரில் 2001 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர் குழுவொன்று ரோஸ் இளைஞர் அறக்கட்டளை என்னும் பெயரில் நன்கொடை வழங்கி வருகின்றது. இத்தகைய குழுக்களை இணைக்க 2006இல் யூத இளையோர் நிதியாளர் வலையமைப்பு தோன்றியது.

செயல்முறையே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. மாணவர் தம் பணத்தையும் பெரியோர் தந்ததையும் ஒன்றாக்குகின்றனர். தாம் எதனை உயர்வாக மதிக்கின்றோம் என்று முதலில் தமக்குள் பேசி, ஒரு துறையைத் தேர்கின்றனர். முதியோர் நலமோ, பசியோ, கல்வியோ. பின்னர்த் தொண்டு நிறுவனங்களிடம் விண்ணப்பம் கோருகின்றனர், வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கின்றனர், நேரிற் சென்று காண்கின்றனர், வாதிட்டு முடிவெடுக்கின்றனர். பத்து விண்ணப்பம் வந்து இரண்டுக்கே பணம் இருக்குமாயின், எட்டுப் பேரிடம் இல்லையென்று சொல்லியாக வேண்டும். உண்டியலில் காசிடும் குழந்தை இந்த இடரை அறிவதேயில்லை. நம் பார்வையில் கல்வி தொடங்கும் இடம் இதுவே. குறையொன்றும் உண்டு: வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தீர்ப்பளிப்போராகவும், வறியோர் விண்ணப்பிப்போராகவும் நிற்கும் ஏற்பாடு செருக்கை வளர்த்துவிடக் கூடும். பெறுவோரில் ஒருவரையேனும் அம்மேசையில் அமர்த்துதல் நலம்.

ஸக்காத்து பெறத்தக்க எண்வகையினரைத் திருக்குர்ஆன் வரையறுத்திருப்பதால், ‘யாருக்கு’ என்னும் வினா நம் கல்லூரி மாணவர்க்குப் புதியதன்று. ஆயின் அவ்வினாவைத் தம் கைப்பணத்தோடு எதிர்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிட்டுகின்றது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரும் திங்களுக்குப் பத்து ரூபாய் சேர்த்தால் ஆண்டிறுதியில் 4,800 ரூபாய் சேரும். கொல்லிமலையில் சாமையைப் பெண்கள் உரலில் குற்றும் பாடு பெரிது. மரவள்ளி பரவியபோது சிறுதானிய நிலமும் சுருங்கியது. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அங்கே தன்னுதவிக் குழுக்களுக்கு உமி நீக்கும் பொறிகளை அளித்து, விதை வங்கிகளையும் அமைக்கத் துணைநின்றது. அத்தகைய பொறியொன்று பழுதாகிக் குழுவினர் உதவி கேட்கின்றனர் எனக் கொள்வோம். அதே வேளையில் விடுதி மாணவர் இருவருக்குத் தேர்வுக் கட்டணமும், சேந்தமங்கலத்துப் பள்ளியொன்றுக்கு நூல்களும் தேவைப்படுகின்றன. பணமோ ஒன்றுக்கே போதும்.

மாணவர் மலையேறிப் பொறியைப் பார்க்கட்டும். பழுது நீக்குபவரிடம் விலை கேட்கட்டும். விடுதி மாணவரின் பெயர் வகுப்பில் வெளிப்படாதவாறு காக்கட்டும். மறுக்கப்படும் இருவருக்கும் எழுத வேண்டிய கடிதத்தை ஆசிரியர் எழுதித் தரலாகாது. காரணத்தை விளக்கி, மாணவரே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.