தமிழ் ஆய்வேடுகளும் கோப்பு வடிவத் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

மின்வடிவில் ஒப்படைக்கப்படும் தமிழ் ஆய்வேடுகள் பிற கணினிகளிலும் பிற்காலத்திலும் படிக்கவும் தேடவும் கூடியனவாக இருத்தல் வேண்டும். பிடிஎஃப் வடிவம் பக்கத்தின் தோற்றத்தைக் காக்கிறது. எழுத்துத் தொடரை அது எப்போதும் காப்பதில்லை என்பதை இக்கட்டுரை குறியேற்ற நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, குறியேற்றம், எழுத்துரு, பிடிஎஃப், ஓடிடி, சொல்லடைவு.

முன்னுரை

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒரே வடிவில் அமைந்தன. வடிவம் கண்ணெதிரே இருந்தும் எழுத்து எதுவெனத் துணிய இயலாத இந்நிலையைப் பதிப்பாசிரியர்கள் யாப்பையும் பொருளையும் துணையாகக் கொண்டு கடந்தனர். கணினியில் உருவாகும் தமிழ்க் கோப்புகளிலும் இதனையொத்த நிலை உண்டு. திரையில் எழுத்து பிழையின்றித் தெரியும். கோப்பினுள் அவ்வெழுத்து இராது.

முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் அளிக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் வலியுறுத்தின. சோத்கங்கா களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகளும் இடம்பெற்றுள்ளன. மின்வடிவம் என்றாலே பிடிஎஃப் எனப் பொருள்கொள்வது துறைகளில் பொதுவழக்காகிவிட்டது. இவ்வழக்கு தமிழுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே ஈண்டு எழும் வினா.

எழுத்துருவும் குறியேற்றமும்

எழுத்துரு என்பது தோற்றம். குறியேற்றம் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி வழங்கும் எண். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே தமிழ்க் கோப்புகளின் சிக்கல்களுக்கு முதற்காரணம் எனலாம். தமிழகத்திலும் இலங்கையிலும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சிட்டால், கோப்பில் பதிவாவன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி நிறுவப்படாத கணினியில் அவை அவ்வாறே தோன்றும். திஸ்கி குறியேற்றமும், 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட டாப், டாம் குறியேற்றங்களும் இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்றவை. எனினும் அச்சகங்களும் தட்டச்சகங்களும் தத்தம் எழுத்துருக்களையே தொடர்ந்து பயன்படுத்தின. அச்சகங்களில் நெடுங்காலம் கோலோச்சிய பேஜ்மேக்கர் மென்பொருள் ஒருங்குறியை ஏற்காததும் இதற்கொரு காரணம்.

ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்று, அனைத்து எழுத்துக் குறியேற்றமான டேஸ்16ஐயும் உடன் ஏற்றது. இன்றைய கணினிகளும் கைப்பேசிகளும் தனி எழுத்துரு எதையும் நிறுவாமலே ஒருங்குறித் தமிழைக் காட்டுகின்றன. ஆகவே, கோப்பின் வடிவம் எதுவாயினும் உள்ளிருக்கும் உரை ஒருங்குறியில் இல்லையேல் பயனில்லை. பாமினியில் தட்டச்சிட்ட உரையை ஓடிடியாகவோ டாக்ஸாகவோ சேமித்தாலும் அது ஆங்கில எழுத்துகளின் தொடராகவே நிற்கும்.

பிடிஎஃப் காப்பதும் காவாததும்

அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட பிடிஎஃப், 2008இல் பன்னாட்டுத் தரமாயிற்று. எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பொதிந்து வைக்க இயல்வதால் பக்கம் எங்கும் ஒரே தோற்றத்தில் அமைகிறது. ஆனால் அப்பக்கத்தில் பதிவாவது எந்த உருவம் எந்த இடத்தில் வரைய வேண்டும் என்னும் குறிப்பே. அவ்வுருவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பதைத் தனியோர் அட்டவணை தெரிவிக்க வேண்டும். பிடிஎஃப் தரத்தில் அவ்வட்டவணை கட்டாயமன்று.

தமிழுக்கு இதில் கூடுதல் இடர் ஒன்று உண்டு. 'தொகை' என்பதில் ஒலிமுறைப்படி தகரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் வரும். ஒருங்குறியும் அம்முறையையே பின்பற்றுகிறது. வரைவு முறையிலோ கொம்பு முன்னும் தகரம் நடுவிலும் கால் பின்னும் வரும். உருவங்களின் வரிசையையே பின்பற்றும் பிடிஎஃபிலிருந்து அச்சொல்லைப் படியெடுத்தால் 'ெதாைக' என உருக்குலைந்து வருகிறது. படியெடுத்த ஒருவருக்கு இது எரிச்சலூட்டும் செய்தி மட்டுமே, கையால் திருத்திக்கொள்வார். தேடுபவரின் நிலை வேறு. 'தொகை' என்று தேடுகிறார்; கோப்பு 'இல்லை' என்கிறது. அவர் முன் பிழை எதுவும் தோன்றுவதில்லை.

இன்மையைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகளில் இதன் விளைவு பெரிது. ஒரு சொல் ஒரு நூலில் பயிலவில்லை என்பதைக் கொண்டு காலத்தையும் ஆசிரியரையும் துணியும் மரபு தமிழாய்வில் நெடியது. முன்னைய அறிஞர்கள் அச்சுச் சொல்லடைவுகளைப் புரட்டி அம்முடிவுக்கு வந்தனர். இன்று அது தேடற்பெட்டியில் ஒரு நொடியில் கிடைக்கிறது. அந்நொடியில் விடை கூறுவது நூலன்று, கோப்பு.

நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005இல் வகுக்கப்பட்ட பிடிஎஃப்-ஏ தரம், எழுத்துருவைப் பொதிவதைக் கட்டாயமாக்கிக் கடவுச்சொற் பூட்டை விலக்கியது. ஆயினும் அதன் அடிப்படை நிலையான 'பி' தோற்றத்துக்கே உறுதியளிக்கிறது. 2011இல் சேர்ந்த 'யு' நிலை, உருவங்களுக்கு ஒருங்குறி இணை தருவதைக் கட்டாயமாக்குகிறது. 'ஏ' நிலை உரையின் கட்டமைப்பையும் பதிய வேண்டுகிறது. ஆய்வேட்டைப் பெறும் நூலகங்கள் வெறும் பிடிஎஃப் என்னாது நிலையையும் குறித்துக் கேட்டல் தகும்.

ஒரே தோற்றம், வேறு குறி

ஒருங்குறியில் தட்டச்சிட்டதனாலேயே ஐயம் நீங்கிவிடுவதில்லை. 'ஔவையார்' என்பதன் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுவோர் பலர். கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. ஆனால் அகரவரிசையில் அச்சொல் ஒகரத்தின்கீழ்ப் போய்ச் சேரும். 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். இவ்விரண்டும் நிகர் என ஒருங்குறி விதி ஏற்பதால் சீராக்கும் மென்பொருள் இவற்றை ஒன்றாக்கிவிடும். ஔகாரப் பிழையை அது திருத்தாது. ஒகரமும் ளகரமும் விதிப்படி வேறு எழுத்துகள். தமிழ் எண்களிலும் இதே நிலை காணப்படுகிறது. ௧, ௨, ௭, ௮ ஆகியவற்றுக்கு ஈடாகக் ககர, உகர, எகர, அகரங்களைத் தட்டச்சிட்ட பதிப்புகளில் பாடல் எண்ணைக் கொண்டு தேட வழியில்லை. இவற்றைப் புதுவகைப் பாடவேறுபாடுகள் என்றே கொள்ளலாம்; ஏடெழுதுவோர் பிழைகளுக்கு வகைமை கண்ட பதிப்பியல் இவற்றையும் வகைப்படுத்த வேண்டிய காலம் இது.

மூலக்கோப்பு

திருத்தத்தக்க மூலக்கோப்புக்கு ஓடிடி ஏற்புடையது. 2006இல் பன்னாட்டுத் தரமாகிய இதனை லிபர் ஆபிஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்கள் இயல்பாகவும், மைக்ரோசாஃப்ட் வேர்டு தன் அளவிலும் திறக்கின்றன. 2008இல் பன்னாட்டுத் தரமான டாக்ஸும் கட்டமைப்பில் இதனை ஒத்ததே. இரண்டும் சுருக்கிக் கட்டிய பொதிகள். பிரித்தால் உரை எக்ஸ்எம்எல் கோப்பாக உள்ளிருக்கும். உரிய மென்பொருள் மறைந்தாலும் சொற்கள் கிட்டும். பழைய டாக் வடிவத்தில் இவ்வசதி இல்லை. யுடிஎஃப்-8 எளிய உரைக்கோப்பு இவையனைத்தினும் நெடுநாள் நிற்கக்கூடியது. அடிக்குறிப்பும் தடித்த எழுத்தும் அதில் தங்கா. எனவே ஆய்வேட்டை ஓடிடியாகவும் பிடிஎஃப்-ஏ வடிவிலும், மேற்கோட் பகுதிகளையேனும் எளிய உரையாகவும் வைத்தல் பொருந்தும். மூன்றையும் வைப்பதால் கூடும் செலவு மிகச் சிறிது.

ஒப்படைக்குமுன் செய்யத்தக்க சோதனையும் எளிதே. கொ, கை, சௌ, ஔ, ஸ்ரீ, ௭ ஆகியவை பயிலும் பக்கமொன்றைப் பிடிஎஃபிலிருந்து படியெடுத்து எளிய உரைத்தொகுப்பியில் ஒட்ட வேண்டும். பின்னர் அதே பிடிஎஃபில் அச்சொற்களைத் தேட வேண்டும். இவ்விரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

பழைய ஆய்வேடுகளின் நிலை இன்னும் கடினம். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் பாமினி, திஸ்கி முதலியவற்றை மாற்றிகளின் துணையால் ஒருங்குறிக்குக் கொணரலாம். பெயர் அறியப்படாத எழுத்துருக்களில் அமைந்தவற்றுக்கு ஒவ்வொரு குறியையும் அச்சுப்படியோடு ஒப்பிட்டு அட்டவணை வகுத்தல் வேண்டும். குறுந்தகட்டின் உறையில் ஆய்வாளர் பெயரும் தலைப்பும் ஆண்டும் எழுதப்படும். எழுத்துருவின் பெயர் எழுதப்படுவதில்லை. அதனை அறிந்தவர் பெரும்பாலும் தட்டச்சிட்டவர் ஒருவரே.