ஆடுமுன் நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பால்ரூம் தளத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, கால் தேய்ந்த ஒருவன் சொல்வது:

1. எந்தப் பாணி என்று தெரிந்து சேருங்கள். பன்னாட்டு முறையில் பத்து ஆட்டங்கள். வால்ட்ஸ், டாங்கோ, வியன்னா வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்டிராட், குயிக்ஸ்டெப் ஐந்தும் ஸ்டாண்டர்ட். சம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஐந்தும் லத்தீன். அமெரிக்க ஸ்மூத்தில் ஜோடி பிரிந்து ஆடலாம். ஸ்டாண்டர்டில் கடைசிவரை பிடி விடக் கூடாது.

2. வால்ட்ஸில் தொடங்குங்கள். மூன்று எண்ணிக்கை ஒரு சுற்று. நிமிடத்துக்கு 30 சுற்றுக்குள்தான். வியன்னா வால்ட்ஸிலும் அதே மூன்றுதான், ஆனால் 60 சுற்று. முதல் மாதமே அதற்கு ஆசைப்பட்டால் மூச்சுதான் வாங்கும்.

3. நடை பழகுங்கள். வால்ட்ஸிலும் ஃபாக்ஸ்டிராட்டிலும் முன்வைக்கும் அடியில் குதிகால் முதலில் தரை தொடும், லத்தீனில் பெரும்பாலும் முன்பாதம். வால்ட்ஸில் உடல் எழுந்து தாழும். டாங்கோவில் அது கிடையாது, பூனைபோல் மட்டமாகப் போக வேண்டும்.

4. கையால் இழுக்காதீர்கள். நடத்துபவரின் வலக்கை, துணையின் தோள்பட்டை எலும்புக்கடியில் சும்மா இருக்கட்டும். போகும் திசையை உடல் சொல்லும்.

5. தளம் உங்கள் வீட்டுக் கூடமல்ல. எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருகிறார்கள். அந்த ஓட்டத்தை மறிக்காதீர்கள். ரும்பாவும் ஜைவும் இருந்த இடத்திலேயே ஆடுபவை. சம்பா தளத்தைச் சுற்றும்.

6. இங்கிலாந்தின் பிளாக்பூல் நடன விழாவைப் பாருங்கள். 1920 முதல் நடக்கிறது. ஒரு பாட்டு முழுக்க உடையை மறந்து பாதத்தை மட்டும் கவனியுங்கள்.

7. விதியை வெறுக்காதீர்கள். 1904இல் லண்டனில் தோன்றிய நடன ஆசிரியர் சங்கம், 1924இல் பால்ரூம் கிளை தொடங்கி அடிகளை வரையறுத்தது. அதுவரை ஆசிரியருக்கு ஆசிரியர் மாறிக்கொண்டிருந்த ஆட்டம் ஒழுங்குக்கு வந்தது. முன்பின் தெரியாத இருவர் கைகோத்த நொடியே சேர்ந்து ஆட முடிவது அந்த விதிகளால்தான்.

8. ஆகவே, பழகிய துணையோடு மட்டும் ஆடாதீர்கள். சுவரோரம் தயங்கி நிற்பவரை அழையுங்கள். அவர் உங்கள் காலை மிதித்தால் நீங்களே மன்னிப்புக் கேளுங்கள். என் முதல் நாளில் ஓர் அம்மாள் என்னிடம் அப்படித்தான் கேட்டார். மறுவாரமும் நான் போனேன்.