மீன் தொட்டிக்குள் கை விடும் முன்...

கோல்டு பிஷ், கப்பி என்று ஆரம்பித்த பல வீடுகளில் இப்போது 'சிக்லிட்' மீன்கள் வந்துவிட்டன. ராம், கிரிபென்சிஸ் போன்ற சின்ன வகைகள் விரல் நீளம்தான். தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருக்கும் அழகே தனி! ஆனால் முட்டை போட்டுவிட்டால் மற்ற மீன்களைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமே என்று நாம் கல்லை நகர்த்துவோம், சட்டியைக் கவிழ்த்து வைப்போம். இப்படிக் கை அடிக்கடி தண்ணீருக்குள் போகிறது. கவனம் வேண்டியது அங்கேதான்.

'மைக்கோபாக்டீரியம் மெரினம்' என்று ஒரு கிருமி. காசநோய்க் கிருமிக்கு உறவு. 1926-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்து மீன்களில் கண்டுபிடித்தார்கள். நல்ல தோலில் இது நுழையாது. கீறல், வெட்டுக்காயம், நகச்சுற்று இருந்தால் நுழைந்துவிடும். பெரும்பாலும் இரண்டு முதல் நாலு வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ சிவந்த கட்டி கிளம்பும். வலி அவ்வளவாக இருக்காது. சிலருக்கு மணிக்கட்டு, முழங்கை என்று வரிசையாக மேலே ஏறும். அதற்குள் தொட்டி கழுவியதே நமக்கு மறந்துபோயிருக்கும்!

"மஞ்சள் பற்றுப் போட்டா சரியாயிடும்"னு இருந்துடாதீங்க. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இதற்கு அது போதாது. தோல் மருத்துவரிடம் போனவுடன், "வீட்ல மீன் தொட்டி இருக்கு"ன்னு முதலில் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் சரியான பரிசோதனை நடக்கும். மருந்து மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, அந்தப் பயம் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் தொட்டி கழுவும் வேலையை வேறு ஆளிடம் விட்டுவிடுவது உத்தமம்.

மற்றவர்களும் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கம் அறவே கூடாது. தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். ஹீட்டர், மோட்டார் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே கை விடவும்.

மீன் நோயில்லாமல் இருந்தால் நமக்கும் நல்லதுதானே? புதுத் தொட்டியில் அன்றைக்கே மீனை விடாதீர்கள். துளித் தீனி போட்டு, நாலைந்து வாரம் ஃபில்டர் ஓடட்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றுகிற நல்ல நுண்ணுயிர்கள் வளர அவ்வளவு நாள் ஆகும். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். ராம் மீனுக்கு 26 முதல் 30 டிகிரி வெப்பம் தேவை. வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, ஒதுங்கிக் கிடக்கிற மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

"டாக்டர், தண்ணியில வேப்பிலை போடலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கூடாது. நமக்கு மருந்தான வேம்பு மீனுக்கு விஷம். நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த சருகு ஒன்றிரண்டைக் கழுவிப் போடலாம். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். இந்த மீன்களுக்கு அது பிடிக்கும்.